மந்திரம் பிழைக்கும் பூதம்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு தந்தையும் எட்டு வயது மதிக்கத்தக்க அவரது மகளும் அமர்ந்திருந்தனர்.

“அப்பா, நேற்றுச் சொன்ன கதையில பூதத்தைக் கெட்டிக்காரனாக்கிப் போட்டீங்கள்.”

“நல்லதுதானே, மோள்?”

“இல்லை. அம்மா சொல்லுற கதையில அது மோட்டுப் பூதம். மழைக்கு மந்திரம் சொன்னால் தவளைதான் விழும். தலையில தவளையோட நிண்டு கெக்கட்டம் விட்டுச் சிரிக்கும்.”

“வயலெல்லாம் காயுது. அதுதான் நான் மழையைப் பெய்ய விட்டனான்.”

“சாகக் கிடந்த ராணீன்ர வருத்தத்தையும் மாத்தினதே.”

“ஓம். ராணி பாவமெல்லே?”

“அப்ப அம்மா சாகேக்க உங்கட பூதம் எங்க போனது? அம்மான்ர பூதமெண்டால் அதுக்கு ஒண்டும் தெரியாது. அதோட கோவிக்கேலாது.”

தந்தை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னர், நடத்துனரே திரும்பிப் பார்க்குமளவு உரத்த குரலில் அவர் சொன்னார்:

“இனி என்ர பூதத்துக்கும் ஒரு மந்திரமும் சரிவராது, மோள். சத்தியம்.”