இரண்டு மணி நேர இறக்கம்

— கிளம்பு, ஹோமாயூன். கடைசியா சொல்றேன்.

— காலையில இருந்து ஆறு தடவை கடைசியா சொல்லிட்டே, ஈரஜ் ஜான், என் உயிரே. பேரீச்சம்பழம் ஒண்ணு மிச்சம் இருக்கு. வாயைத் திற.

— நீ தின்னு. இறங்கப்போறவன் நீதான். என் கால் முட்டிக்குக் கீழ உடைஞ்சு கிடக்கு. விரலெல்லாம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. ரெண்டு மணி நேரம் இறங்கினா கீழ் விடுதி வந்துடும். அங்க ஆளும் இருக்கும், அடுப்பும் இருக்கும்.

— காத்து அடிக்கிற அடியைக் கேட்டியா? இந்தத் தகரக் கொட்டகையே பறந்துடும் போல.

— காத்து குறைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. வாத்தியார்கிட்ட பொய் சொல்லாதே.

— பள்ளிக்கூடத்துல வேதியியல் நடத்துறவனுக்குத் தமாவந்த் மலையோட காத்து தெரிஞ்சிடுமா? நேத்து மூணு மணிக்கு மேகம் வந்துச்சே, அப்ப எங்க போச்சு உன் கணக்கு?

— சரி, தப்பு என்னோடதுதான். வெள்ளிக்கிழமையானா தெஹ்ரானுக்கு மேல குன்று ஏறி, டீ குடிச்சு, ஆம்லெட் தின்னு, மத்தியானத்துக்குள்ள வீடு திரும்புற மூணு பேரு நாம. நமக்கு எதுக்குடா குளிர்காலத்துல தமாவந்த்னு பர்வீஸ் கேட்டான். நான் அவனைக் கோழைன்னு சொன்னேன். அவன் பாதி வழியிலேயே திரும்பி இறங்கிட்டான். நீயும் அவன்கூடப் போயிருக்கணும்.

— டீத்தூள் உன் பையில இருந்துச்சு.

— விளையாட்டு வேணாம், ஹோமாயூன். கேஸ் தீர்ந்துபோச்சு. ஃபோன் செத்துப்போச்சு. பர்வீஸ் பத்திரமா இறங்கினானா, யார்கிட்டயாவது சொன்னானா, ஒண்ணும் தெரியாது. இன்னொரு ராத்திரி இதுக்குள்ள இருந்தா ரெண்டு பேருமே விறைச்சுடுவோம். ஒருத்தன் போனா ஒருத்தனாவது பிழைப்பான்.

— பரவால்ல விடு. ஒண்ணா இருப்போம்.

— என்ன பரவால்ல? உனக்குப் பயம். ஒத்தையில இறங்கப் பயம். கல்யாணத்துக்குக்கூட நான் சொன்னப்புறம்தானே சம்மதிச்சே. சிமின் உன்கிட்ட என்னத்தைக் கண்டாளோ. ஒரு தடவையாவது நீயா ஒரு காரியம் செய்.

— நேத்து செஞ்சேனே. நீ பனியில வழுக்கி நாப்பது அடி உருண்டே. தலை பாறையில மோதி பேச்சுமூச்சு இல்லாம கிடந்தே. அந்த வெயில்ல, அந்த வெள்ளையில, மேகம் வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் கயிறு கட்டி உன்னை இழுத்தது யாரு? டயர் கடைக்காரன், எனக்குத் தெரிஞ்சது இழுக்கிறதுதான்.

— அந்தத் தெம்பு இன்னைக்கு எங்க போச்சு? உன் கால் நல்லாத்தானே இருக்கு?

— நல்லா இருக்கு.

— அப்புறம் ஏன் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கே? காலையில இருந்து என் பக்கம் திரும்பவே இல்ல.

— உன் மூஞ்சி சகிக்கல.

— டீயைக் கப்புல ஊத்தாம என் கையில ஊத்தினே.

— குளிர்ல விரல் மரத்துப்போச்சு.

— சரி. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. கதவைத் திறந்து வெளிய பாரு. அதுக்கப்புறம் போன்னு சொல்ல மாட்டேன்.

— திறந்தா இருக்கிற சூடும் போயிடும்.

— திற, ஹோமாயூன்.

— திறந்துட்டேன். போதுமா?

— மேகம் விலகிடுச்சு போல. கீழ் விடுதியோட கூரை தெரியுது பாரு, ஆரஞ்சு நிறத்துல. தெரியுதா?

— தெரியுது.

— கொடிக்கம்பம்?

— அதுவும் தெரியுது. ஆனா அது ரொம்ப தூரம், ஈரஜ் ஜான். நம்மால ஆகாது.

— நான் படுத்திருக்கிற இடத்துல இருந்து எனக்கும் வாசல் தெரியுதுடா. வெளிய வெறும் மூட்டம்தான். கூரையும் இல்ல, கம்பமும் இல்ல.

— குளிர் உள்ள வருது. சாத்திடவா?

— எப்ப இருந்து உனக்குக் கண்ணு தெரியல?

— எந்திரிச்சப்பவே தெரியல. மணலை அள்ளிக் கண்ணுல அப்பின மாதிரி எரியுது. நேத்து நீ விழுந்ததுல உன் கறுப்புக் கண்ணாடி நொறுங்கிப்போச்சு. என்னோடதைக் கழட்டி உனக்கு மாட்டிவிட்டேன். பனியில பட்டுத் திரும்புற வெயில் கண்ணை இப்படிச் சுடும்னு எனக்கென்ன தெரியும்.

— இதை ஏன்டா என்கிட்ட சொல்லல? நான் உன்னை எவ்வளவு பேசிட்டேன்.

— பேசட்டும்னுதான் விட்டேன். என்னைத் திட்டுற வரைக்கும் நீ கண்ணை மூட மாட்டே. தலையில அடிபட்டவனைத் தூங்க விடக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. கண்ணு போச்சுன்னு சொல்லியிருந்தா நீ அப்பவே மனசு விட்டுப்போய்த் தூங்கியிருப்பே.

— இங்க வா. என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வா. இன்னும் ரெண்டு எட்டு. கையைக் குடு.

— கதவைச் சாத்திட்டு வரேன்.

— சாத்தாதே. இரு. மூட்டத்துக்குள்ள ஏதோ சிவப்பா அசையுது.

— மறுபடியும் சோதிக்கிறியா?

— இல்லடா. ஆளுங்க. கம்பு ஊன்றி ஏறி வர்றாங்க.

— பொய்யா இருந்தாலும் பரவால்ல. நிறுத்தாம சொல்லு.

— நாலு பேரு. முன்னால வர்றவன் அடிக்கொரு தரம் நின்னு மூச்சு வாங்குறான். பர்வீஸ்டா அது. நம்ம கதவைப் பார்த்துட்டான், கையைத் தூக்குறான்.