இறக்கைமேல் உட்கார்ந்தவர்கள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அருட்தந்தை நிக்கந்தர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் பெருமூச்சோடு அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் சவேலி அவர்களே, அடுப்பில் பாதி உலையோடும் அடிவயிற்றில் முழு நெருப்போடும் வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நிற்கும் பெரியோர்களே, முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் அண்ணி மாவ்ரா அவர்களே, எல்லாருக்கும் இந்த அகஃபியாவின் வணக்கம்.

களைப்பாக இருக்கிறது, தாய்மார்களே. வியாழக்கிழமை ரயிலடியில் நின்று அழுதேன். நேற்று உருளைக்கிழங்கு தோண்டினேன். இன்று காலை வழிபாடு முழுக்க நின்றேன். தோண்டித் தேய்ந்த கை, தொழுது தேய்ந்த முழங்கால், அழுது தேய்ந்த கண். இவற்றை வைத்துக்கொண்டு மேடையேறி முழங்க எனக்கென்ன ஆசையா? நான் படித்தது வேதாகமத்துச் சங்கீதப் புத்தகம் ஒன்றுதான். ஆனாலும் பேச வந்தேன். விமானத் திடலின் காவல் கொட்டடியில் ஒருவனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவனுக்காகப் பேச இந்த ஊரில் அக்கா இல்லை, அண்ணன் இல்லை, அத்தையும் இல்லை.

யெஃபீமைச் சொல்கிறேன். விமானங்களைப் பழுதுபார்க்கும் யெஃபீம். எங்கோ உரால் மலைப்பக்கம் பிறந்தவன். புதன்கிழமை அவனைப் படை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். போர்க்காலத்தில் விமானத்தை வேண்டுமென்றே முறித்தவனுக்கு என்ன தண்டனை? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயால் சொல்ல வேண்டாம்.

ஆனால் முறித்தது யார்?

கதவோரம் யாரோ, "போதும் அத்தை, உக்காரு" என்கிறார்கள். உட்கார்ந்த கதையைத்தான் கண்ணு சொல்லப்போகிறேன்.

பேரரசரின் வான்படைக்குப் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஃபார்மான் விமானங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை மறந்தீர்களா? மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, குறுக்கும் நெடுக்கும் கம்பி, பின்னால் விளக்கெண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கும் ஓர் எந்திரம். "துணி காயப்போட்ட பரண் மாதிரி இருக்கே, இதுலயா சண்டைக்குப் போறது?" என்று கேட்டவள் நான். அருட்தந்தை புனித நீர் தெளித்தார். நாம் சிலுவை போட்டுக்கொண்டோம். என் அண்ணன் மகன் கிளேப் அதை ஓட்டக் கற்றான், யெஃபீம் அவனுக்கு நண்பனானான். அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஊருக்கே கழுத்து வலித்தது.

வியாழக்கிழமை கிளேப் அந்த விமானத்திலேயே போர்முனைக்குப் புறப்படுவதாக இருந்தது. முட்டைக்கோஸ் வைத்த அப்பத்தோடு வழியனுப்பப் போனோம். காவல்காரன் அப்பத்தை வாங்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தான், நாம் உள்ளே நுழைந்தோம். கிளேப் அதற்குள் முன்னிருக்கையில் ஏறி, தோல் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தான். அப்போது அண்ணி என்ன சொன்னார்?

"பயணம் கிளம்புறப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம உக்காரணும். உக்காராம அனுப்பினா வழி நல்லாருக்காது. உக்காருங்கடி."

"எங்கக்கா உக்கார்றது? தரையெல்லாம் சேறு" என்றாள் தபால்காரர் மனைவி ஃபெக்லா.

"இதோ, கட்டிலாட்டம் இருக்குல்ல."

கட்டிலா அது? விமானத்தின் கீழ் இறக்கை. உட்கார்ந்தார்கள். கிளேபின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கையைக் கோத்து, கண்ணை மூடி, கடவுளை நினைத்து உட்கார்ந்தார்கள். ஆணவத்தால் உட்கார்ந்தார்களா? அடாவடியால் உட்கார்ந்தார்களா? அன்பால் உட்கார்ந்தார்கள், ஐயா. பிள்ளை பிழைத்து வர வேண்டுமே என்று உட்கார்ந்தார்கள். இறக்கைக்குள்ளே படக் என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

"நீ மட்டும் ஏன் உக்காரலையாம்?" என்று ஃபெக்லா கேட்கிறாள். நியாயமான கேள்வி. நான் எண்ணெய் டின்மேல உக்காந்திருந்தேன், ஃபெக்லா. என் உடம்பை அந்தத் துணி தாங்குமான்னு எனக்கே சந்தேகம். சிரியுங்கள், தாய்மார்களே. நாம் சிரித்து நாளாயிற்று. ஆனால் சத்தம் என் காதிலும் விழுந்தது. நானும்தான் பேசாமல் இருந்தேன்.

எண்ணெய் ஊற்ற வந்தான் யெஃபீம். இறக்கையை வழக்கம்போல உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"எறங்கு கிளேப். இது இன்னைக்குப் பறக்காது."

"கமாண்டர் கத்துவார்டா."

"கத்தட்டும். மேல போய் எறக்கை மடங்குச்சுன்னா எந்த ஏணியைப் போட்டு உன்னை எறக்குறது?"

அடுத்து நடந்ததை என் கண்ணால் கண்டேன். வெள்ளைத் துணியில் நம் பாவாடைச் சேறு வட்டம் வட்டமாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான். நம்மைப் பார்த்தான். கமாண்டர் வருவதற்குள் சட்டைக் கையால் அத்தனையையும் துடைத்தான். தன்னைக் காக்கும் சாட்சியைத் தன் கையாலேயே துடைத்தான். "நண்பனைப் போருக்கு அனுப்பக்கூடாதுன்னு நீயே முறிச்சியா?" என்று கமாண்டர் கேட்டார். அவன் தலையைக் குனிந்து நின்றான். அன்று மாலை கிளேப் முறித்தது யாரென்று அறியாமல் ரயிலில் போனான். எல்லாம் அறிந்த யெஃபீம் கொட்டடிக்குப் போனான்.

நேற்று அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "ஏன்டா வாயத் தொறக்கல?" என்றேன்.

"கிளேபோட அம்மாவைப் பிடிச்சு அடைச்சாங்கன்னா அங்க அவனுக்குக் கை நடுங்கும், அத்தை. கை நடுங்குனா பறக்க முடியாது" என்றான்.

கேட்டீர்களா, அண்ணி? உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான். யார் தடுத்ததால் இருக்கிறான்? யார் துடைத்ததால் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்? யார் வாய் திறக்காததால் நாம் வாய் திறந்து ஜெபிக்கிறோம்? முறிந்த இறக்கைக்குப் பதிலாக இன்னொரு பெட்டியைப் பிரெஞ்சுக்காரன் அனுப்புவான். யெஃபீமைப் பெற்றவளுக்கு இன்னொரு யெஃபீமை எந்தப் பெட்டியில் அனுப்புவார்கள்?

பயமாக இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது. நம்மையும் அடைக்கலாம். பேசிப் பேசியும் ஓய்ந்துவிட்டேன், பேசாமல் இருந்தும் ஓய்ந்துவிட்டேன். இரண்டில் பேசாமல் இருந்த களைப்புதான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

கொஞ்சம் பொறுங்கள். அண்ணி எழுந்திருக்கிறார்.

"உக்காந்தது நான். மத்தவங்களை உக்காரச் சொன்னதும் நான். கமாண்டர்கிட்ட நானே வந்து சொல்றேன், அகஃபியா."

"தனியா எங்க போற? ஏய், என் சால்வையை எடுடி" என்கிறாள் ஃபெக்லா. அருட்தந்தையும் தொப்பியைத் தேடுகிறார்.

இதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. தலைவருக்கு நன்றி. பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுக்காமல் குறுக்கே பேசியவர்களுக்கும் நன்றி. கமாண்டர் இப்போது திடலில்தான் இருக்கிறார். அண்ணி வாசலைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நடக்க ஓர் ஆள் வேண்டும், நான் இறங்குகிறேன். எல்லாருக்கும் வணக்கம்.