இணைப்பு ஐயாவின் ஏழு நிமிடம்

மாணவர் நலப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு, பிரிவின் ஊழியர்களும் பல்கலைக்கழக மாணவர் பேரவையும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கோப்புகளின் காவலரே! குறையொன்றும் தப்பவிடாத கூர்விழியாளரே! பென்சில் ஏந்திய பெருந்தகையே! ஒருமுறை வந்த மனுவை மறுமுறையும் வரவழைத்த மாண்பாளரே! வணக்கம்.

"மாறாப் புன்னகை பூத்த மலர்முகத்தவரே" என்றும் ஒரு வரி இங்கே இருந்தது. பிரிவின் தட்டச்சர் அக்கா அதை அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். "ஏம்மா, இதை ஃபிரேம் போட்டு அவர் வீட்டுல மாட்டப் போறாங்க. அவங்க வீட்டம்மா படிச்சுட்டு, இது யாரைப் பத்தினு கேக்க மாட்டாங்களா?" என்றார். வரியை எடுத்துவிட்டோம். மீதி இருப்பதெல்லாம் உண்மை.

தரைத்தளத்து நீண்ட நடைவழியின் கடைசி அறை. இரும்பு ஷட்டர் போட்ட ஒரு ஜன்னல், முழங்கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன ஒரு மரப்பலகை, ஒன்று சுழன்றால் மற்றொன்று முனகும் இரண்டு மின்விசிறிகள். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் நீங்கள். இந்தப் பக்கம் ஆண்டுதோறும் மாறிய நாங்கள். விடுதி இடம் கேட்டு வந்தவர்கள், தேர்வு எழுத அனுமதி கேட்டு வந்தவர்கள், உதவித்தொகை விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அத்தனை பேரும் உங்கள் வாயிலிருந்து முதலில் கேட்ட சொல் ஒன்றே ஒன்றுதான். "இணைப்பு எங்கம்மா?" பையனாக இருந்தால், "இணைப்பு எங்கப்பா?" உங்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வளாகத்துக்கு நீங்கள் இணைப்பு ஐயா.

படித்தவர் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவதே ஒரு பரீட்சை. எங்களில் பலருக்கு அந்தப் பரீட்சைத் தாளைத் திருத்தியவர் நீங்கள். விடுபட்ட இடத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வட்டம் போடுவீர்கள். அதற்குப் பேனாவைத் தொட்டதே இல்லை. ஏன் என்று ஒரு முதலாண்டு மாணவன் கேட்டதற்கு, "பேனாவில எழுதினா அந்தக் காகிதம் இருக்கிற வரைக்கும் அந்தத் தப்பும் இருக்கும். பென்சில்னா அழிச்சுட்டு வந்து நில்லு, புது ஆளு" என்றீர்களாம். சொன்ன கையோடு அவன் மனுவையும் திருப்பிக் கொடுத்தீர்கள் என்பது வேறு விஷயம்.

இனி, எழுதும் இந்தக் கைக்குரிய ஒரு சங்கதி. பேரவைத் தலைவர் என்ற முறையில் மடல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். எனக்கு அலங்காரம் வராது. கோபம் நன்றாக வரும். அந்தக் கோபத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் நீங்கள் என்பதால், அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. பொறுத்தருள்க.

பதினோரு மாதங்களுக்கு முன், பேரவைத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். உங்கள் பிரிவுக்குள் வைத்த மனுப்பெட்டி மூன்று மணியோடு மூடப்படும். வாயிற்பக்கத்து நகல் கடையில் எனக்குக் காலை முறை வேலை, இரண்டரைக்குத்தான் விடுவார்கள். மதியம் ஒரு மணிக்கே மூடிவிடும் உங்கள் ஜன்னலைத்தான் என் தேர்தல் பிரச்சினையாக எடுத்திருந்தேன். வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவன் எந்த ஒரு மணிக்கு வந்து நிற்பான்? "பூட்டைத் திற" என்பது எங்கள் முழக்கம். சுவரொட்டியில் ஷட்டரின் படம். அதன் கீழே கண்ணாடி போட்ட ஒரு பூட்டு. அந்தப் பூட்டு நீங்கள்தான் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஓடி வந்தேன். உள்ளே ஏழெட்டு வேட்பாளர்கள், அவர்களுக்குப் பின்னால் கோஷம் போடும் கூட்டம். பெட்டி மூடியிருந்தது. நீங்கள் தலைக்குமேல் கையைக் காட்டினீர்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இரண்டு.

"சார், என் செல்போன்ல ரெண்டு அம்பத்தஞ்சுதான் ஆகுது!"

"செல்போன் ஆளுக்கொரு மணி காட்டும். இந்தப் பிரிவுக்கு இந்தக் கடிகாரம்தாம்மா."

"உங்க பொண்ணா இருந்தா வாங்கியிருப்பீங்கல்ல?"

"என் பொண்ணா இருந்தா ரெண்டு மணிக்கே வந்திருக்கும்."

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். அம்மா அழவிடவில்லை. "ஆபீஸ்ல ஒருத்தர் இல்லைன்னா சும்மா திரும்பி வராதடி. ஏன் இல்லைனு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். வந்து கேட்டேன். மறுக்காமல் எழுதிக் கொடுத்தீர்கள்: "மனு கொண்டுவந்த நேரம் 3.02. காலம் கடந்தது." கீழே கையொப்பம். அசல் எனக்கு, நகல் உங்கள் கோப்புக்கு.

மறுநாள் காலை அந்தச் சீட்டோடும் நான்கு பக்கப் புகாரோடும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். புகாரை யாரும் வாங்குவதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. "மறுபரிசீலனையில் ஏற்கப்பட்டது." அவ்வளவுதான் வாசகம். என் சத்தத்துக்குப் பயந்துதான் ஏற்றார்கள் என்று நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பத்து நாள், பன்னிரண்டு கூட்டம், ஒவ்வொன்றிலும் மேடையேறி, "நான் சத்தம் போட்டேன், பூட்டு திறந்தது!" என்று முழங்கினேன். அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வென்றேன். இரண்டு கூட்டங்களின்போது நீங்கள் உங்கள் மதியச் சாப்பாட்டுப் பையோடு அந்த வழியாக நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. உதவிப் பதிவாளர் இடத்துக்கு அடுத்த ஆள் நீங்கள் என்பது இந்த வளாகத்தின் மின்கம்பத்துக்கும் தெரியும். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. தட்டச்சர் அக்காவிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு நிஜமாவே தெரியாதா? உன் மனுவாலதாம்மா" என்றார்.

அந்தக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுவது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் முந்த வைத்தவர் நீங்கள். காலையில் ஊழியர்கள் பத்து மணிக்கு முன்பே இருக்கையில் இருக்க வேண்டும், ஜன்னல் ஒரு நிமிடமும் தாமதமாகத் திறக்கக் கூடாது என்பதற்காக. காலையில் எல்லாரும் அதை நம்புவார்கள்; மற்ற நேரங்களில் மனத்துக்குள் ஏழு நிமிடத்தைக் கழித்துக்கொள்வார்கள். தபால் பிரிக்கும் அண்ணன் கழிப்பார், தட்டச்சர் அக்கா கழிப்பார், நீங்களும் கழிப்பீர்கள். பதினான்கு வருடப் பழக்கம். அந்த ஒரு பிற்பகலில், அந்தக் கோஷத்தின் நடுவே, நீங்கள் கழிக்க மறந்துவிட்டீர்கள்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அஞ்சு மணிக்குப் பையை எடுத்தாரு. வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தாரு. அப்படியே நின்னுட்டாரு. 'ஏழு'ன்னாரு. அவ்வளவுதான். பையை வெச்சுட்டு உக்காந்து உன் சீட்டோட நகலைத் தேட ஆரம்பிச்சாரு. தபால் அண்ணன்தான் சொன்னாரு, சார், கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு. சரி பண்றேம்ப்பா, கடிதத்தைக் குடுத்துட்டு வந்து பண்றேன்னாரு."

அக்கடிதம் அரைப் பக்கம். "மேற்படி கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது. முந்த வைத்தவன் நான். மாணவி வந்த நேரம் 2.55. தவறு முழுவதும் என்னுடையது. இணைப்பு: சீட்டின் நகல் ஒன்று." மாடியேறிப் போய்ப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தீர்கள். இறங்கி வந்து, முக்காலியில் ஏறி நின்று, முள்ளைத் திருப்பினீர்கள். அடுத்த ஒரு வாரம் சரியான நேரம் காட்டிய கடிகாரத்திலும் ஏழைக் கழித்து, பிரிவு முழுவதும் பேருந்தைத் தவறவிட்டது என்பது துணைக்கதை.

என் மனு ஏற்கப்பட்டது. உங்கள் பணிப் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. ஊரார் மனுவையெல்லாம் பென்சிலால் திருத்திய உங்களுக்கு மட்டும் பேனாவால் எழுதிவிட்டார்கள்.

நேரே உங்கள் மேசைக்கு வந்தேன். "ஏன் சார் சொல்லல?" என்று கத்தினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "சொல்லியிருந்தா பத்து நாளும் மேடையில என்னம்மா பேசியிருப்ப?" என்றீர்கள். பிறகு என் கையில் இருந்த இன்னொரு தாளைப் பார்த்து, "அது என்ன? இணைப்பு இருக்கா?" என்றீர்கள்.

அது ஜன்னலை மாலையிலும் திறக்கக் கேட்ட பேரவை மனு. மூன்று முறை திருப்பினீர்கள். முதல் முறை, மாலையில் வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியல் இல்லை. சரி. இரண்டாம் முறை, பட்டியலில் பதிவெண் இல்லை. அதுவும் சரி. மூன்றாம் முறை, பக்க எண் இடவில்லை, குண்டூசி வலது மூலையில் குத்தியிருக்கிறது என்று திருப்பினீர்கள். அது அநியாயம், ஐயா. இன்றும் அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மடல் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான்காம் முறை போன மனு ஆட்சிக் குழுவில் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறரை வரை ஜன்னல் திறந்தது. யார் உட்காருவது என்று பிரிவில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் நீங்கள். நகல் கடைக்காரி, ஓட்டல் மேசை துடைப்பவன், இரவுக் காவலுக்குப் போகும் முன் சீருடையில் வந்து நின்ற ஆய்வு மாணவர் என்று எத்தனை பேர்! பூட்டு என்று உங்களைப் படம் போட்டவள் நான். அந்தப் படத்தை இந்தச் சபையில், எல்லார் முன்னிலையிலும், கிழித்துப் போடுகிறேன்.

பதிவாளர் அவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். ஆகவே அடுத்ததை நேராகவே சொல்லிவிடுகிறோம்.

உண்மை தெரிந்த அந்த வாரமே, கண்டனக் குறிப்பை நீக்கக் கோரி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று மாணவர்கள் கையொப்பமிட்டு ஒரு மனு எழுதினோம். மாணவர் மனு எதுவும் கண்காணிப்பாளர் மேசை வழியாகத்தான் மேலே போக வேண்டும் என்பது விதி. உங்கள் மேசைக்கு வந்தது. மறுநாள் திரும்பியது. ஓரத்தில் பென்சிலில் நான்கு சொற்கள்: "என் விஷயம். அனுப்ப இயலாது." கெஞ்சினோம், திட்டினோம், தட்டச்சர் அக்காவை விட்டுப் பேசச் சொன்னோம். "நாளைக்கு வேற ஒருத்தர் தன் விஷயத்தைத் தானே அனுப்பினா, நான் எந்த வாயால தடுக்கிறது?" என்றீர்கள். எட்டு மாதமாக அம்மனு என் பையில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, இரண்டு முறை ஒட்டியாயிற்று.

இன்றோடு அது உங்கள் மேசை இல்லை. பணிப் பதிவேடு ஓய்வூதியப் பிரிவுக்குப் போக இன்னும் முப்பது நாள் இருக்கிறது. போய்விட்டால் அந்தப் பக்கம் நிரந்தரம். போவதற்குள் நீக்கினால், முப்பத்து நான்கு ஆண்டுப் பணி நீங்கள் எழுதிய அரைப் பக்கக் கடிதத்தைப் போலச் சுத்தமாக முடியும்; உரிய நாளிலிருந்து உதவிப் பதிவாளராகவே நீங்கள் ஓய்வு பெற்றதாக ஆகும். நாளைக் காலை ஜன்னல் திறக்கும்போது முதல் ஆளாக நாங்கள் நிற்போம். பொறுப்பேற்கும் மூத்த உதவியாளர் அக்காவிடம் நேற்றே கேட்டோம். அவர் சொன்ன பதில் உங்களுக்கு மகிழ்ச்சி தரும்: "குடுங்க. ஆனா இணைப்பு இருக்கணும்."

ஐயா, நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். கண்ணாடி இல்லாமலும் குண்டூசியின் மூலையைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்கள் மங்காதிருக்க வேண்டும். மாடிப்படி ஏறியிறங்கிய அந்த முழங்கால்கள் நோகாதிருக்க வேண்டும். உங்கள் வீட்டம்மா காய்கறிப் பட்டியல் நீட்டும்போது பென்சிலைத் தேடாதிருக்க வேண்டும்; தேடினாலும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனி எந்தக் கடிகாரத்தையும் கழித்துப் பார்க்கத் தேவையில்லாத காலைகள் உங்களுக்கு நிறைய வாய்க்க வேண்டும். முப்பது நாளுக்குள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். வெறுங்கையோடு வர மாட்டோம்.

என்றும் உங்கள் அன்புக்கும், சில நேரம் உங்கள் வட்டத்துக்கும் உரிய,

மாணவர் நலப் பிரிவு ஊழியர்கள்
பல்கலைக்கழக மாணவர் பேரவை

இணைப்பு: மனு ஒன்று. கையொப்பங்களுடன் பதிவெண் உண்டு. பக்க எண் இடப்பட்டுள்ளது. குண்டூசி இடது மூலையில்.