குமிழ் இல்லாத பாட்டில்

தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், நன்றி. அங்கேயே இருக்கட்டும். எனக்குத் தாகம் கொஞ்சம் குறைவு.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். அது புரியாமல் நீங்கள் எழுதும் வாக்குமூலக் காகிதம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். எண்ணெய்க் கிடங்கில் பூமிக்கடியில் இருந்த பெட்ரோல் தொட்டி ஒன்று ஓட்டையாகி, பல வருடம் யாருக்கும் தெரியாமல் கசிந்தது. தொட்டியை மாற்றினார்கள். மண்ணுக்குள் போனதை யார் மாற்றுவது? அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க, கிடங்கைச் சுற்றியும் பின்தெருவிலும் நிலத்தடித் தண்ணீர்வரை ஒன்பது சோதனைக் குழாய்கள் இறக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பதிலும் தண்ணீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது நான்.

அதற்கு ஒரு முறை உண்டு. குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். புதுத் தண்ணீர் ஊறி வந்ததும், நேராகச் சின்னக் கண்ணாடி பாட்டிலில், விளிம்புக்கு மேல் முட்டி நிற்கும்வரை பிடித்து, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கடுகளவு குமிழ் தெரிந்தாலும் கொட்டிவிட்டு வேறு எடுக்க வேண்டும். பெட்ரோலில் பென்சீன் என்று ஒன்று இருக்கிறது. மனிதனுக்குள் போனால் ரத்தத்தைக் கெடுக்கும். காற்றைக் கண்டாலோ பறந்துவிடும்.

ஏழாவது குழாய் என் அண்ணன் வீட்டுக் கொல்லையில் இருந்தது. எங்களுடையது ஜவுளிக்கடைக் குடும்பம். கைக்குட்டை வாங்கினாலும் கால்மணி நேரம் பேரம் பேசாமல் வாங்கமாட்டோம். அந்த வீட்டை அண்ணன் பாதி விலைக்குப் படியவைத்தான். தன் வாய் சாமர்த்தியம் என்று கடைசிவரை நம்பினான். விற்றவனுக்குக் கொல்லைக் கிணற்றின் பெட்ரோல் வாசனை தெரியும். இவனுக்கு விலை மட்டும்தான் தெரிந்தது. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்க்கிறவன், கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒருநாள் பாட்டில் பெட்டி வரத் தாமதம். ஒன்பது வாளியில் தண்ணீரைப் பிடித்து, சாக்கட்டியால் எண் போட்டு, வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி வந்திருந்தது. மறுபடி ஒன்பது குழாயையும் இறைக்க உடம்பு வணங்கவில்லை. வாளியிலிருந்தே நிரப்பினேன். கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குமிழ் இல்லை. பார்க்க அத்தனை லட்சணம்.

முடிவு சுத்தமாக வந்தது. கிடங்கு மேலாளர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, மந்திரம் ஏதும் போட்டியா?"

"மண்ணு தானா சுத்தம் பண்ணிக்குது சார்."

"அப்படியா? நல்ல மண்ணுய்யா."

இவர் இன்ஜினியர். கூட்டம் போட்டு எல்லோருக்கும் கேக் கொடுத்தார். தெருச் சங்கத் தலைவர் ஒருபடி மேலே போய் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எப்படி எடுத்தாய், எதில் எடுத்தாய் என்று ஒரு பிரகஸ்பதி கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பிடித்த சரக்கைப் பிரித்துப் பார்ப்பவன் எந்தக் கடையிலும் கிடையாது. அடுத்த தடவை ஒழுங்காக எடுத்தால் போன தடவை எப்படி வந்தது என்ற கேள்வி வரும். ஆகவே அடுத்த தடவையும் வாளி. அப்புறம் ஒன்பது வருடம் வாளிதான். நான் எண்ணைத் திருத்தியதில்லை, கையெழுத்தைப் போலியாகப் போட்டதில்லை. ஆய்வுக்கூடம் சொன்னது முழுக்க உண்மை. அந்த வாளித் தண்ணீரைப் பற்றிய உண்மை.

அண்ணி ஒருத்திக்குத்தான் மூக்கு இருந்தது.

"தம்பி, தண்ணியில ஒரு மாதிரி வாசனை வருது. குடிக்கலாமா?"

"ரிப்போர்ட் பாத்தீங்கல்ல அண்ணி?"

"பாத்தேன். ரிப்போர்ட்டுக்கு மூக்கு இல்லையே."

அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி அவள் எதிரிலேயே குடித்தேன். அவள் முகம் தெளிந்தது. கொல்லைக்குப் போய், ஏழாம் குழாயைப் பார்க்கிறவன்போல் குனிந்து, வாயில் வைத்திருந்ததைத் துப்பிவிட்டு வந்தேன். பொய் என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போன வருடம் அண்ணனுக்கு உடம்பெல்லாம் நீலத் திட்டுகள் வந்தன. ரத்தம் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஜவுளி என்றான். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இவரும் படித்தவர்தான்.

அண்ணன் போன மூன்றாம் மாதம் அண்ணி ஒரு காரியம் செய்தாள். நான் வாளிக்கு மாறும் முன்பு எப்படி எடுத்தேன் என்பதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள். ஒரு ஜாம் பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை விளிம்பு முட்ட நிரப்பி, மூடி, கவிழ்த்து, குமிழ் பார்த்து, குளிர்பெட்டியில் வைத்து, தன் கையாலேயே வேறொரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை பேரில் என் வேலையை ஒழுங்காகச் செய்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் ஜாம் பாட்டில் முறைப்படி செல்லாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்மேல் சந்தேகம் எப்போது வந்தது என்று அவள் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மருத்துவமனையில்தானாம். அண்ணன் படுத்த நாள் முதல் அவனுக்குக் கடையில் வாங்கிய சீல் வைத்த தண்ணீரை நான்தான் தினமும் சுமந்தேன்.

"வீட்டுத் தண்ணியே கொண்டுவரேனே தம்பி. எதுக்கு உங்களுக்கு அலைச்சல்?" என்றாள்.

"அவனுக்கு வேண்டாம் அண்ணி. நீங்க குடிங்க," என்றேன்.

அவளும் குடித்தாள். அந்தச் சீல் பாட்டில்களை எனக்கு எதிரான சாட்சியாகச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் அது ஒன்றுதான். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது நாள், ஒருநாள் தவறாமல் கொண்டுபோனேன். அண்ணன்மேல் பாசம் இல்லாதவன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.