வலது தோளில் முந்தானை

ஓசூரிலிருந்து குருபரப்பள்ளி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர். இளையவர் சொன்னார்: “எங்க கல்யாண போட்டோல பொண்டாட்டிக்கு முந்தானை வலது தோள்ல கிடக்குதுண்ணா.”

மூத்தவர் சிரித்தார். “வீட்டு ஸ்கேனர்ல நெகட்டிவ்வைப் புரட்டி வச்சிருப்ப. இடம் வலமா மாறிடும். கம்ப்யூட்டர்லயே திருப்பிடு.”

“திருப்பினேன். அவ விடல. இத்தனை வருஷமா அந்த ஆல்பத்தையே தொடாதவ. ‘இதுல இருக்கறது நானே இல்ல’ம்பா. இப்ப, ‘தினம் கண்ணாடியில பாக்கற என் மூஞ்சி இதுதான், செவுத்துல மாட்டுங்க’ங்கறா.”

அவர் மடியில் கண்ணாடி போட்ட படம் ஒன்று இருந்தது.

“சொந்தக்காரங்க முந்தானையைப் பாத்துட்டுக் கேட்டா?”

“நானும் கேட்டேண்ணா. ‘அவங்க வேணும்னா கண்ணாடியில காட்டிப் பாத்துக்கட்டும்’னுட்டா.”