தொழிற்சாலைப் பச்சை

எனக்கு வண்டி ஓட்டுவதில் அவ்வளவு விருப்பமில்லை, ஐயா. நெடுங்கேணியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன், ஆனாலும் ஒட்டுசுட்டானுக்குப் பஸ்ஸில்தான் வருவேன். பழைய மோட்டார்சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிடிக்கும்.

தேய்த்து மினுக்கிப் புது நிறம் அடித்து விற்கிறார்களே, அது பொய். தொழிற்சாலையில் அடித்த அதே நிறம், அதே இருக்கை, அதே திருகாணி. யாரும் கைவைக்காமல் இருந்தால்தான் பெறுமதி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய சனங்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றைக் காண்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கும் தெரியும்.

துசியந்தனிடம் ஒன்று இருந்தது. முல்லைத்தீவில் கடற்றொழில் செய்த அவனுடைய தகப்பன், சண்டைக்கு முதலே அதை வவுனியாவில் உறவினர் வீட்டு அறையில் பூட்டிவைத்தபடியால் தப்பியது. அறுபதுகளில் வந்த வண்டி. கரும்பச்சை. பெற்றோல் தாங்கியில் கையால் இழுத்த பொன்நிறக் கோடு. தகப்பன் இறந்தபின் இவன் ஒட்டுசுட்டானில் மனைவியின் காணிக்குக் கொண்டுவந்தான். விலைக்குக் கேட்டேன், தரவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் இருப்புக்கொள்ளாது. கோழி ஏறியிருக்குமோ, தூவானம் அடித்திருக்குமோ என்று சாப்பாட்டிலிருந்து எழும்பி நடப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்பவும் வந்துவிடுவேன்.

அன்று வந்தபோது அவன் முற்றத்தில் குந்தியிருந்து தாங்கியை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பொன்கோட்டில் ஒரு விரலளவு போய்விட்டது.

"என்னடாப்பா செய்யிறாய்?"

"யதுசாவுக்கு ஞானஸ்நானம் வருதல்லோ, ரஜிதன் அண்ணை. நீலம் அடிச்சு, மூண்டு பேருமா இதிலை இருந்து படம் எடுக்கப்போறம்."

"அதை அப்பிடியே விடு."

"அப்பான்ரை சாமான் அண்ணை, ஓடத்தானே தந்தவர்" என்று சிரித்தான்.

மனைவி கிருசாந்தினி குழந்தை யதுசாவோடு கிளினிக்குக்குப் போயிருந்தாள். பக்கத்துக் காணிகளுக்கு இன்னும் ஆட்கள் திரும்பவில்லை. பம்பின் குழாய் கழன்று கிணற்றுக்குள் விழுந்திருந்தது. கயிற்றைப் பூவரசில் கட்டிவிட்டு, என்னை மேலே நிற்கச் சொல்லி அவன் இறங்கினான். பங்குனி மாதம், தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது, ஆனாலும் ஆளை மூடும்.

"அண்ணை, கயித்தைப் பிடியுங்கோ, ஏறப்போறன்."

நான் கயிற்றை மேலே இழுத்துவிட்டேன்.

ஆத்திரத்தில் செய்யவில்லை. வண்டி வெயிலில் நின்றது. முதலில் அதை நிழலுக்கு உருட்டினேன். சீலைத்துண்டால் தூளைத் துடைத்தேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் முதலில் சிரித்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டான். பிறகு பிள்ளையை. கடலில் வளர்ந்தவன், நேரம் எடுத்தது. எனக்கும் சுகமாக இருக்கவில்லை. கிணற்றடிக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சத்தம் நின்றபின் கயிற்றைத் திரும்பக் கீழே விட்டேன்.

வழுக்கி விழுந்தான் என்றார்கள். நானும்தான் பெட்டியைத் தூக்கினேன். செத்தவீட்டில் கிருசாந்தினி, "வண்டி அப்பிடியே நிக்கட்டும் அண்ணை, அவர் தொட்டது" என்றாள். அதன் பிறகு கொஞ்சம் நித்திரை வந்தது.

நேற்றுப் போனேன். வண்டி நீலமாக நின்றது. தாங்கி, சேறுகாப்பு எல்லாமே நீலம். அவளுடைய தம்பி வின்சன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஞானஸ்நானத்துக்கு முதல் அடிச்சிட்டம் அண்ணை" என்று கிருசாந்தினி கண்ணைத் துடைத்தாள். "அவர் ஆசைப்பட்டவரெல்லோ."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. விடிந்ததும் நேரே பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். அவனை நான்தான் கொன்றேன், ஐயா. கேட்டீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் நான் முறைப்பாடு கொடுக்க வந்தது அதற்கல்ல. வின்சன் இப்போது வீட்டில்தான் நிற்பான். ஆள் அனுப்பினால் பிடித்துவிடலாம்.