பாடம் சொன்ன நெஞ்சு

புதிய பயிற்சிக் கூடத்தைத் திறந்துவைத்துத் தலைமை இருக்கையை அணிசெய்யும் மருத்துவர் தமயந்தி அவர்களே, வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி வந்திருக்கும் பெரியோர்களே, மாத்திரையை மறந்தாலும் மல்லிகையை மறக்காத தாய்மார்களே, வெள்ளை அங்கியின் மடிப்புக் கலையாமல் நிற்கும் வருங்கால மருத்துவர்களே, பண்ணைக்காட்டுப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மருத்துவம் எங்கே பிறக்கிறது? மாநகரத்துக் கல்லூரியிலா? தலையணைப் பருமனுள்ள புத்தகத்திலா? இல்லை. காப்பித் தோட்டத்து ஈரத்தோடு வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, "கேட்டுப் பாருங்க தாயி" என்று நெஞ்சைக் காட்டுகிறானே ஒரு மனிதன், அவனிடம் பிறக்கிறது.

அப்படி ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார். ஜீப் ஓட்டும் சேனாதிபதி. சிறுவயதுக் காய்ச்சலில் அவர் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போனது. அது எழுப்பும் முனகல், ஒருமுறை கேட்டவர் மறக்க முடியாத முனகல். இங்கே பயில வந்தவர் எவரும் அந்த நெஞ்சைக் கேட்காமல் மலையிறங்கியதில்லை. படித்தார்கள், பட்டம் பெற்றார்கள், பறந்தார்கள். பாடநூல் மட்டும் இங்கேயே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் நம் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தவித்தால் நமக்குப் பொறுக்காது. மருத்துவரம்மா மாணவரைக் கேள்வி கேட்குமுன், நோயாளியே மெல்ல விடையைச் சொல்லிவிடுவார். ஷபீர் பாய் சிரிக்கிறார். பாய், உங்கள் சர்க்கரையை நீங்கள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தினீர்கள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் மாணவி தாரணிக்குத் தேர்வு. எதிரே சேனாதிபதி. மருத்துவர் வருமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"மைட்ரல் வால்வு சுருக்கம் தாயி. நாடி சீரா இருக்குன்னு எழுதிக்கங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுனாங்க."

தாரணி மணிக்கட்டில் விரல் வைத்தார். நாடி ஓடியது, தயங்கியது, தாவியது, தடுமாறியது.

"சீரா இல்லைங்களே ஐயா."

"நல்லாப் பாருங்க தாயி. மார்க்கு போயிரும்."

"ஏத்தம் ஏறுனா மூச்சு வாங்குதா?"

"வாங்கத்தான் செய்யுது. நெஞ்சும் படபடங்குது. பரீட்சையும் அதுவுமா புதுசா ஒண்ணச் சொல்லி ஒங்களக் கொழப்புவானேன்னு விட்டேன்."

அன்பர்களே, மாணவர் தேறுவதற்காகத் தூக்கத்தைத் துறந்த ஆசிரியர்கள் உண்டு. உயிரையே மதிப்பெண்ணாகப் போட வந்தவர் நம் சேனாதிபதி.

தாரணி என்ன செய்தார்? கையில் வந்து விழுந்த விடையைக் கீழே வைத்தார். "அவர் சொல்றது வேற, என் விரலுக்குப் படுறது வேற மேடம்" என்றார். மருத்துவர் நாடியைத் தொட்டார். இதயத்தின் மின்வரைபடம் எடுத்தார். தேர்வு அங்கேயே நின்றது.

"புள்ள பாசுங்களா?" என்றார் நோயாளி.

"மொதல்ல வண்டில ஏறுங்க."

அவருடைய ஜீப்பை வேறொருவர் ஓட்ட, ஒவ்வொரு வளைவிலும் குறை சொல்லிக்கொண்டே மதுரை போய்ச் சேர்ந்தார். அங்கே படம் பிடித்தார்கள். இதயத்துக்குள் ஓர் இரத்தக் கட்டி. எந்த நிமிடமும் மூளைக்கு ஏறியிருக்கக்கூடிய கட்டி. மருந்தால் கரைத்தார்கள். பிறகு வால்வையும் விரித்தார்கள்.

எண்ணினால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எவ்வளவு பெரிய கருவிகள், எவ்வளவு பெரிய கட்டடங்கள். அத்தனைக்கும் முன்னால் நின்றது ஒரு பெண்ணின் இரண்டு விரல்.

இப்படித் தடுமாறும் நாடி இந்த மலையில் இன்னும் எத்தனை மணிக்கட்டில் பேசாமல் கிடக்கிறது? அதைத் தேடும் ஆய்வை மருத்துவர் தொடங்குகிறார். நாளை முதல் இந்த மாணவர்கள் உங்கள் வீடு தேடி வருவார்கள்.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? காப்பி கொடுக்கலாமா என்றா? தாராளமாகக் கொடுங்கள். பலாச்சுளை கொடுங்கள். மழை வந்தால் குடை கொடுங்கள். விடையை மட்டும் கொடுக்காதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் திணறட்டும், திகைக்கட்டும், திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கட்டும். வலியை நாம் மறைத்தால் அவர்கள் தேர்வில் தேறுவார்கள். வலியை நாம் சொன்னால் அவர்கள் மருத்துவர் ஆவார்கள்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கும், மூச்சு வாங்குவதை ஒருவழியாக ஒப்புக்கொண்ட சேனாதிபதிக்கும் நன்றி கூறி, அனைவரும் நலமோடு வீடு சேர வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.